இடிப்பவருக்கே சலுகை: கள்ளக்குறிச்சிக் கடைவீதியும் வரிச்சட்டமும்

சொந்தமாகக் குடியிருக்க வீடு கட்டவோ வாங்கவோ கடன் எடுத்தவர், அந்தக் கடனுக்குக் கட்டும் வட்டியில் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை தன் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். அதே ஆள், தாத்தா கட்டிய வீட்டின் இற்றுப்போன உத்தரத்தை மாற்றக் கடன் எடுத்தால் கழிவு 30,000 ரூபாயோடு நின்றுவிடும். பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு வருமான வரிச் சட்டத்தின் 24ஆம் பிரிவு வைத்திருந்த கணக்கு இது. 2025இல் நிறைவேறிய புதிய சட்டமும் இந்த இரண்டு தொகைகளை அப்படியே எடுத்துக்கொண்டது. கடனின் அசலைத் திருப்பிக் கட்டுவதற்குக் கிடைத்து வந்த 80சி கழிவு இன்னும் கறாரானது. வீடு வாங்கினால் உண்டு, கட்டினால் உண்டு. குடிபோன பிறகு செய்யும் பழுதுக்கும் புதுப்பிப்புக்கும் இல்லை என்று சட்டமே எழுதி வைத்தது.

பழைய நகரங்களின் மையத்தில் இருக்கும் கட்டடங்களைக் காப்பாற்ற வரிச்சலுகை கொடுங்கள் என்று கேட்பவர்கள், சலுகை ஏதும் இல்லாத வெற்றிடத்தில் நின்று கேட்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி ஒரு வெற்றிடம் இல்லை. சலுகை பல பத்தாண்டுகளாகக் கொடுக்கப்பட்டுத்தான் வருகிறது, இடித்துக் கட்டுபவருக்கு. கள்ளக்குறிச்சி போன்ற ஊரில் பழைய கடைவீதி ஏன் நிற்காமல் கரைகிறது என்பதற்கு ரசனைக் குறைவைக் காரணமாகச் சொல்வது எளிது. சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் வேறு காரணங்கள் கிடைக்கின்றன.

கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமாகத் தொடங்கி வைக்கப்பட்டது. அதுவரை விழுப்புரம் மாவட்டத்தின் மேற்குக் கோடி. ஊரின் நடுவில் துருகம் சாலை, கச்சிராயபாளையம் சாலை, சேலம் சாலை, சங்கராபுரம் சாலை என்று நான்கு பக்கமும் பிரியும் வழிகள். அவற்றை ஒட்டி வளர்ந்த வியாபாரம். நெல், கரும்பு, மலையிலிருந்து இறங்கும் சரக்கு இவற்றை நம்பிய சந்தை ஊர் இது. மாவட்டத் தலைநகரானதும் ஓர் ஊருக்கு என்ன நடக்குமோ அது இங்கும் நடந்தது. அலுவலகங்கள் வந்தன, அலுவலர்கள் வந்தார்கள், வாடகை ஏறியது, துணிக்கடையும் நகைக்கடையும் அகலமான முகப்பு கேட்டன. முகப்புக்கு இடம் தருவது முன்புறம் திண்ணையும் பின்புறம் முற்றமுமாக ஆழமாகப் போகும் பழைய வீடுதான்.

மாவட்டத்தின் மற்றொரு கோடியில் தென்பெண்ணைக் கரையில் திருக்கோவிலூர் இருக்கிறது. உலகளந்த பெருமாள் கோயிலும் வீரட்டேசுவரர் கோயிலும் உள்ள ஊர். கோயில்களுக்குக் காவலர்கள் உண்டு: அறநிலையத் துறை, தொல்லியல் துறை, பக்தர் கூட்டம். கோயில்களைச் சுற்றி அவற்றோடு சேர்ந்தே வளர்ந்த தெருக்களின் வீடுகளுக்கு யாரும் இல்லை. இந்தக் கட்டுரை அந்த வீடுகளையும் கள்ளக்குறிச்சிக் கடைவீதியின் மெத்தை வீடுகளையும் பற்றியது.

அந்த மெத்தை ஒன்றைச் சற்றுக் கிட்டத்தில் பார்க்கலாம். சுவரின் மேல் கனமான உத்தரம், அதன் மேல் குறுக்கே நெருக்கமாகத் தேக்குக் கட்டைகள். கட்டைகளின் மேல் மெல்லிய செங்கற்களைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, மூலைவாட்டில் சுண்ணாம்புச் சாந்து கொண்டு ஒன்றோடொன்று நெருக்கிப் பிடித்திருப்பார்கள். அதற்கும் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் தட்டித் தட்டி இறுக்கிய தளம். கடைசியாகத் தட்டோடு. கம்பி இல்லை, சிமென்ட் இல்லை. மெட்ராஸ் டெரஸ் என்று பொறியாளர்கள் சொல்வது இதைத்தான். தளத்தில் விரிசல் விட்டு மழைநீர் இறங்காதவரை நூறு ஆண்டு தாண்டியும் நிற்கும். நீர் இறங்கினால் முதலில் போவது சுவருக்குள் செருகியிருக்கும் கட்டையின் நுனி. அது வெளியே தெரியாது. தெரியும்போது செலவு சில ஆயிரத்திலிருந்து சில லட்சத்துக்குப் போயிருக்கும். ஆக, இந்தக் கட்டடத்தின் ஆயுள் முழுக்கவும் காலத்தில் செய்யும் சின்னப் பழுதைப் பொறுத்தது. அந்தச் சின்னப் பழுதுக்கு நம் சட்டங்கள் என்ன ஊக்கம் தருகின்றன?

வாடகை வருமானத்தில் 30 சதவீதத்தை வருமான வரித்துறை கேள்வியில்லாமல் கழித்துவிடுகிறது. 2001ஆம் ஆண்டு நிதிச் சட்டம் கொண்டுவந்த ஏற்பாடு. மாதம் 10,000 ரூபாய் வாடகை வரும் கடைக்கு, சொத்து வரியை விட்டுவிட்டுப் பார்த்தால், ஆண்டுக்கு 36,000 ரூபாய் கழிவு. அந்த ஆண்டில் ஐந்து லட்சம் செலவழித்துக் கூரையை மீட்டவருக்கும் 36,000தான். ஓர் ஓட்டைக்கூட மாற்றாதவருக்கும் 36,000தான். நகராட்சி வரியிலும் இதே பழக்கம் நெடுநாள் இருந்தது. 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்தில் கட்டடத்தின் ஆண்டு மதிப்பைக் கணக்கிடும்போது பழுதுச் செலவுக்கென்று பத்து சதவீதம் தள்ளிவிடுவார்கள். பழுது பார்த்தாரா என்று யாரும் கேட்கமாட்டார்கள். அதே சட்டத்தில், ஒரு கட்டடம் முப்பது நாளுக்கு மேல் தொடர்ந்து காலியாகக் கிடந்தால் வரியில் ஒரு பங்கைத் தள்ளுபடி செய்யவும் வழி வைத்தார்கள். பூட்டிப் போட்டவருக்குத் தள்ளுபடி உண்டு. பழுது பார்த்தவருக்கு என்று தனியாக எதுவும் இல்லை.

வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இதைவிடப் பெரிய வேலை செய்தது. 1960ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் புதிய வாடகைச் சட்டம் நடைமுறைக்கு வரும்வரை உயிரோடு இருந்தது. அதன் 14ஆம் பிரிவில் இரண்டு வழிகள் இருந்தன. பழுது பார்க்க வேண்டும் என்று சொல்லி வாடகைதாரரை வெளியேற்றினால், வேலை முடிந்ததும் அவரையே திரும்ப அமர்த்த வேண்டும். இடித்துக் கட்டப்போகிறேன் என்று சொல்லி வெளியேற்றினால், இடித்துவிட்ட பிறகு அந்தக் கடமை இல்லை. இதற்கு மேல் 30ஆம் பிரிவு, புதிதாகக் கட்டி முடித்த கட்டடத்துக்கு ஐந்து ஆண்டுகள் இந்தச் சட்டத்திலிருந்தே விலக்கு அளித்தது. கடைவீதியில் ஐம்பது ஆண்டுக்கு முந்தைய வாடகையில் ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது சொந்தக்காரர் எந்தப் பிரிவைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்லத் தேவையில்லை. வழக்கறிஞரும் அதைத்தான் சொல்லியிருப்பார். அறுபது ஆண்டு காலம் தமிழக நகரங்களில் இடிப்புக்குச் சட்டம் கொடுத்த இந்த உந்துதலை நகர வரலாற்றை எழுதுபவர்கள் போதுமான அளவு கவனிக்கவில்லை என்பது என் எண்ணம்.

சொந்தக் கட்டடத்தில் தொழில் நடத்துபவருக்கு நிலைமை கொஞ்சம் வேறு. நடப்புப் பழுதுச் செலவை அவர் முழுதாகக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் நடப்புப் பழுது என்பதற்கு எல்லை உண்டு. பல்லிமல் நவல் கிஷோர் வழக்கில் 1997இல் உச்ச நீதிமன்றம் ஒரு பழைய திரையரங்கின் கதையைக் கேட்டது. உரிமையாளர் கட்டடத்தை விரிவாகச் செப்பனிட்டு, மின்கம்பி, கழிப்பறை, இருக்கைகள் எல்லாவற்றையும் மாற்றியிருந்தார். இது நடப்புப் பழுது அல்ல, மூலதனச் செலவு என்றது தீர்ப்பு. சட்டத்தின் சொற்களை வைத்துப் பார்த்தால் தீர்ப்பில் குறையில்லை. விளைவு என்னவென்றால், ஒட்டுப்போட்டால் உடனே கழிவு, உருப்படியாக மீட்டால் ஆண்டுக்குப் பத்து சதவீதத் தேய்மானமாகச் சிறுகச் சிறுக. புதுக் கட்டடத்துக்கும் அதே பத்துதான்.

இந்தியச் சட்டத்தில் பழைய கட்டடத்துக்கென்று ஒரு வரிவிலக்கும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. முன்னாள் சமஸ்தான மன்னர் குடியிருக்கும் ஓர் அரண்மனைக்கு 10(19ஏ) பிரிவில் விலக்கு உண்டு. கோட்டா மகாராவ் பீம் சிங் வழக்கில் 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அரண்மனையில் ஒரு பகுதியை வாடகைக்கு விட்டிருந்தாலும் விலக்கு முழுதுக்கும் பொருந்தும் என்றது. உலகப் பாரம்பரியச் சின்னங்கள் உள்ள மாவட்டங்களில் தங்கும் விடுதி நடத்தினால் ஐந்து ஆண்டுகளுக்கு லாபம் முழுதுக்கும் விலக்கு அளித்த 80-ஐடி என்ற பிரிவும் இருந்தது. தமிழ்நாட்டில் காஞ்சிபுரம், தஞ்சாவூர், நீலகிரி மாவட்டங்கள் அந்தப் பட்டியலில் இடம்பெற்றன. அதன் நிபந்தனையைப் படித்தால் சிரிப்பு வரும். 2008 ஏப்ரலுக்கும் 2013 மார்ச்சுக்கும் இடையே விடுதி ‘கட்டப்பட்டு’ இயங்கத் தொடங்கியிருக்க வேண்டும். முன்பே விடுதியாக இருந்த கட்டடத்தை மாற்றித் தொடங்கினால் கிடையாது. பாரம்பரியத்தைப் பார்க்க வருபவர்களுக்காகப் புதுக் கட்டடம் எழுப்புங்கள் என்று பாரம்பரியத்தின் பெயரிலேயே கொடுத்த சலுகை.

அமெரிக்காவும் ஒரு காலத்தில் இதே நிலையில்தான் இருந்தது. அங்கே பழைய கட்டடத்தை இடிக்கும் செலவை வரியில் கழித்துக்கொள்ளலாம். புதுக் கட்டடத்துக்கு வேகமான தேய்மானம் கிடைக்கும். நகர மையங்கள் வாகன நிறுத்தமாக மாறிக்கொண்டிருந்தன. 1976ஆம் ஆண்டு வரிச் சீர்திருத்தச் சட்டம் முதலில் செய்தது, பதிவுபெற்ற வரலாற்றுக் கட்டடத்தை இடித்தால் அந்தச் செலவுக்குக் கழிவில்லை என்றதுதான். மீட்புச் செலவை ஐந்து ஆண்டில் கழித்துக்கொள்ளவும் அப்போதுதான் வழி பிறந்தது. 1981இல் அது நேரடி வரித்தள்ளுபடியாக, செலவில் 25 சதவீதமாக உயர்ந்தது. 1986இல் 20 சதவீதமாகக் குறைந்தது. பதிவேட்டில் இடம்பெறாவிட்டாலும் 1936க்கு முன் பயன்பாட்டுக்கு வந்த கட்டடம் என்றால் 10 சதவீதம் என்று இன்னொரு படியும் இருந்தது; 2017ஆம் ஆண்டுச் சட்டம் அதை நீக்கிவிட்டு, 20 சதவீதத்தை ஐந்து ஆண்டுகளுக்குப் பிரித்துக் கொடுக்கச் சொன்னது. வாடகையோ வியாபாரமோ ஈட்டும் கட்டடத்துக்கு மட்டும்தான் இது, சொந்தக் குடியிருப்புக்கு இல்லை. கட்டடத்தின் கணக்கு மதிப்பைவிட மீட்புச் செலவு அதிகமாக இருக்க வேண்டும். வேலை உள்துறை அமைச்சகம் வகுத்த தரத்தின்படி நடக்க வேண்டும். நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் இதனால் மீண்டிருக்கின்றன.

இதை அப்படியே இங்கே நட்டால் வேர் பிடிக்காது. வரித்தள்ளுபடி வாங்க முதலில் வரி கட்டுபவராக இருக்க வேண்டும். 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரிமுறையில் 12 லட்சம் ரூபாய் வரை வருமானம் உள்ளவருக்கு வரியே கிடையாது. கடைவீதியில் பழைய மெத்தை வீட்டின் ஆறில் ஒரு பங்கு வைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கோ, வாடகையை நம்பி இருக்கும் விதவைத் தாய்க்கோ 20 சதவீதத் தள்ளுபடி வெறும் காகிதம். அமெரிக்காவில் இப்படிப்பட்டவர்கள் வங்கியையோ பெருநிறுவனத்தையோ பங்காளியாகச் சேர்த்துத் தள்ளுபடியைப் பணமாக்குகிறார்கள். அதற்கு வழக்கறிஞரும் கணக்காளரும் கட்ட வேண்டிய கட்டணமே இங்கே ஒரு கூரையை மாற்றிவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு: தள்ளுபடி கேட்பவர் ரசீது காட்ட வேண்டும். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் சனிக்கிழமை மாலை கையில் கூலி கொடுக்கும் ஊரில், ஜிஎஸ்டி எண் போட்ட பில் எங்கிருந்து வரும்?

பெருநகரங்கள் வேறு வழி கண்டன. மும்பை 1995இல் பாரம்பரிய விதிகளைக் கொண்டுவந்தபோது, கட்டடத்தை இடிக்கக் கூடாது என்று தடுக்கப்பட்டவர், தான் கட்டாமல் விட்ட பரப்பை வேறிடத்தில் கட்டும் உரிமையாக விற்கலாம் என்று வைத்தது. அகமதாபாத்தும் தன் பழைய நகரத்தின் மர வீடுகளுக்கு இதைப் பயன்படுத்தியது. இந்த உரிமையை விலை கொடுத்து வாங்க, ஊரின் வேறொரு மூலையில் அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் கட்டத் துடிக்கும் ஆள் இருக்க வேண்டும். தமிழ்நாட்டின் 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகள் மனைப் பரப்பைப் போல இரண்டு மடங்கு கட்ட எல்லோருக்கும் இடம் தருகின்றன. கள்ளக்குறிச்சியில் அதையே முழுதாகப் பயன்படுத்துபவர்கள் சிலர்தான் இருப்பார்கள். விற்க ஆள் உண்டு, வாங்க ஆள் இல்லை.

பக்கத்திலேயே பொருத்தமான உதாரணம் இருக்கிறது. புதுச்சேரியின் தமிழர் பகுதியில் உள்ள வைசியாள் வீதி. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏசியா அர்ப்ஸ் திட்டத்தில், இத்தாலியின் உர்பினோ, பிரான்சின் வில்நெவ்-சுர்-லோத் ஆகிய ஊர்களோடு சேர்ந்து 2002 முதல் 2004 வரை அங்கே வேலை நடந்தது. இன்டாக் அமைப்பு முன்னின்று செய்தது. தெருவைப் பார்த்த தாழ்வாரங்கள், திண்ணைகள், தூண்கள் எல்லாம் ஒன்றாகச் செப்பனிடப்பட்டன. செலவில் ஒரு பங்கு திட்டத்திலிருந்து, மறு பங்கு வீட்டுக்காரரிடமிருந்து. வரி அலுவலகம் இதற்குள் வரவே இல்லை. 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது அந்த வீதிக்குக் கிடைத்தது. முகப்பை மட்டும் காப்பாற்றிவிட்டு உள்ளே முற்றத்தை அடைக்க இது வழிவிடுகிறது என்ற குறை நியாயமானது. ஆனாலும் ஒரு தெரு முழுதும் ஒரே சமயத்தில் மாறியதும் பக்கத்து வீட்டுக்காரர் தன் வீட்டை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்குவார். ஒரு வீட்டுக்குத் தனியாகக் கொடுக்கும் எந்த வரிக்கழிவாலும் அது நடக்காது. வீட்டுக்காரர் தன் பங்கைப் போட்டதால் அது இலவசத் திட்டமாகவும் ஆகிவிடவில்லை. புதுச்சேரி முழுதும் இப்படி மாறிவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அரசின் சொந்தக் கட்டடமான மேரி மாளிகையே பழுது பார்க்காமல் விட்டு 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதன் பிறகு உலக வங்கிக் கடனில் திரும்பக் கட்டினார்கள். சென்னையில் அண்ணா சாலையின் பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006இல் இடிக்கத் தொடங்கியபோது உயர் நீதிமன்றம் தடுத்தது. தடை உத்தரவு கட்டடத்தை இடிபடாமல் நிறுத்தியது. கூரை போட்டுத் தரவில்லை. தடுப்பதற்கு நீதிமன்றம் போதும். மீட்பதற்குக் காசு வேண்டும்.

கள்ளக்குறிச்சியில் எந்த வரி எல்லா வீட்டுக்காரரையும் தொடுகிறது? அரையாண்டுக்கு ஒருமுறை நகராட்சிக்குக் கட்டும் சொத்து வரி. 2022 ஏப்ரலில் தமிழக அரசு அதை உயர்த்தியபோது நகராட்சிகளில் 600 சதுர அடிக்குள் இருக்கும் குடியிருப்புக்கு 25 சதவீதமும் 1,800 சதுர அடிக்கு மேல் போனால் 100 சதவீதமும் கூட்டியது. வணிகக் கட்டடம் என்றால் எந்த அளவாயிருந்தாலும் 100. பெரிய வீடு என்றால் பெரிய பணக்காரர் என்ற ஊகம் இதற்குள் இருக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அது பொருந்தலாம். கூடமும் இரண்டாம் கட்டும் மூன்றாம் கட்டுமாக நீளும் பழைய வீட்டில் இரண்டு முதியவர்கள் இருக்கும்போது பொருந்தாது.

இந்த வரியில் பாதியைத் தள்ளுபடி செய்தால் போதுமா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அரையாண்டுக்கு 6,000 ரூபாய் கட்டும் கட்டடத்துக்குப் பாதி தள்ளுபடி என்றால் பத்து ஆண்டில் 60,000 ரூபாய் மிச்சம். மெட்ராஸ் டெரஸ் ஒன்றைப் பிரித்து மீட்கும் செலவில் இது சிறு பங்குதான். அந்த 60,000 ரூபாயையும் இழப்பது நகராட்சி. தெருவிளக்குக்கும் துப்புரவுக்கும் அதே வரியை நம்பி இருப்பது. தள்ளுபடி என்ற சொல் மேடையில் நன்றாக ஒலிக்கும், வேலை செய்யாது.

வேலை செய்யக்கூடியது வேறு ஒன்று. ஓரிகன் மாநிலம் 1975இல் அதைச் செய்தது. பழைய கட்டடத்தை மீட்க ஒப்புக்கொண்டவருக்கு 15 ஆண்டுகள் வரி மதிப்பை இருந்த இடத்திலேயே நிறுத்தி வைத்தார்கள். மீட்டதால் கட்டடத்தின் மதிப்பு ஏறினாலும் வரி ஏறாது. நம் ஊரில் கூரையை மாற்றி, முகப்பைச் சுத்தம் செய்து, கடையை நல்ல வாடகைக்கு விட்டால் அடுத்து வருவது நகராட்சியின் மறுமதிப்பீடு. பில் கலெக்டர் கண்ணில் படாமல் இருக்கவே பலர் பழைய வீட்டை அழுக்கோடு விட்டு வைத்திருக்கிறார்கள். மறுமதிப்பீட்டை நிறுத்தி வைப்பதால் நகராட்சிக்கு இன்று வரும் ஒரு ரூபாயும் குறையாது. பழுது பார்க்காமல் இருந்திருந்தால் வந்தே இருக்காத கூடுதல் வரியைத்தான் அது விட்டுக்கொடுக்கிறது. செய்வதும் கடினமல்ல. ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் முன்கூட்டியே வரி கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை இப்போதே உண்டு. கணினியில் அந்தக் கழிவுக்கு வரி எழுதத் தெரிந்த நிர்வாகத்துக்கு இன்னொரு வரி எழுதவும் தெரியும்.

மதிப்பீட்டை நிறுத்துவதோடு வைசியாள் வீதி பாணியில் பங்குமானியமும் சேர வேண்டும். மாநில அரசுக்குப் பழுதுக்குப் பணம் கொடுத்துப் பழக்கம் இல்லை என்று சொல்ல முடியாது. அரசுத் திட்டங்களில் 2000-01 வரை கட்டிக் கொடுத்த ஊரக வீடுகளில் இரண்டரை லட்சம் வீடுகளைச் சீரமைக்க 2,000 கோடி ரூபாய் என்று 2024-25இல் அறிவித்த அரசுதான் இது. வீடு கட்டும் திட்டங்களில் அடித்தளம், கூரை மட்டம் என்று கட்டம் கட்டமாக மேற்பார்வையாளர் வந்து அளந்து, படம் எடுத்து, வங்கிக் கணக்கில் பணம் போடும் நடைமுறை ஒவ்வொரு ஒன்றியத்திலும் இருக்கிறது. ரசீது இல்லாத கொத்தனார் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான சரிபார்ப்பு கிடையாது: பில்லைப் பார்க்காமல் வேலையைப் பார்த்துப் பணம் கொடுப்பது.

பொருளுக்கும் ஆளுக்கும் வெளியூர் போக வேண்டியதில்லை. சுண்ணாம்புச் சாந்தை இறுக வைக்கப் பழைய கொத்தனார்கள் கடுக்காயை நசுக்கி, வெல்லத்தோடு ஊறப்போட்டு, அந்த நீரை விட்டு அரைத்தார்கள். கடுக்காய் கல்வராயன் மலையில் விளைகிறது. மலைமக்கள் பொறுக்கிக் கொண்டுவரும் அது தோல் பதனிடவும் நாட்டு மருந்துக்கும் போகிறது. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்குமளவு கரும்பு விளையும் பூமியில் வெல்லத்துக்குப் பஞ்சமில்லை. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சாமி உருவங்களும் பூஜையறைக் கதவுகளும் செய்து வெளியூருக்கு அனுப்பும் கைகள் இவை. ஒரு நிலைக்கதவின் உடைந்த சட்டத்தைப் பொருத்த இவர்களைவிடத் தகுந்தவர் யார்? ஆனால் இடிக்கும் வீட்டின் கதவும் தூணும் பழைய மரச்சாமான் வியாபாரிக்கு எடைக்கும் கன அடிக்குமாகப் போகின்றன. செட்டிநாட்டில் இது ஒரு பெரிய வணிகமாகவே வளர்ந்து, காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெரு என்றாலே பழம்பொருள் கடைகள் என்றாகிவிட்டது. தூண் விற்பனைக்குப் போகும் விலையைவிட நிற்கும் தூணுக்கு மதிப்பு அதிகம் என்று வீட்டுக்காரருக்குக் காட்டாதவரை அந்தத் தெருவுக்குச் சரக்கு போய்க்கொண்டேதான் இருக்கும்.

இத்திட்டம் யாரைத் தொடாது என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கல்வராயன் மலை 1976 வரை சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்ற மூன்று ஜாகீர்களாக இருந்தது. வரி வசூல் ஜாகீர்தார்கள் கையில். அதன் பிறகுதான் மலை அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. மலையாளிப் பழங்குடியினரின் மண்சுவர் வீடுகளும் புல்வேய்ந்த கூரைகளும் இந்த மாவட்டத்தின் கட்டடக்கலையில் ஒரு பகுதிதான். சொத்து வரி மதிப்பீட்டை நிறுத்தி வைப்பதால் அவர்களுக்கு ஒரு பயனும் இல்லை. கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 3.5 லட்சம் ரூபாயில் 360 சதுர அடி கான்கிரீட் வீடு தருகிறது. ஒழுகாத கூரையை வேண்டாம் என்று சொல்லிப் புல்கூரையைப் பாரம்பரியத்துக்காகக் காப்பாற்றச் சொல்ல எனக்கு மனமில்லை. கீழே மெத்தை வீட்டில் இருந்துகொண்டு அப்படிச் சொல்லவும் கூடாது. மலைக்கு இதில் நியாயமான பங்கு என்றால் அது கடுக்காய்க்கு நல்ல விலைதான்.

கோயில் மனையில் நிற்கும் வீடுகள் இன்னொரு சிக்கல். மனை கோயிலுக்கு, கட்டடம் குடியிருப்பவருக்கு. ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு அறநிலையத் துறை ஆணையரின் அனுமதி வேண்டும். நாளை யார் கையில் இருக்கும் என்று தெரியாத இடத்தில் யாரும் தேக்குக் கட்டை மாற்றமாட்டார்கள். வங்கியும் கடன் தராது. மீட்புக்கு ஒப்புக்கொள்ளும் குடியிருப்பவருக்கு நீண்ட குத்தகை தருவது மானியத்தைவிட அங்கே முக்கியம். பாகப்பிரிவினை ஆகாத வீடுகளில் பங்காளிகளில் பெரும்பான்மையினர் கையெழுத்து போதும் என்று வைக்காவிட்டால், மானிய விண்ணப்பம் சென்னையிலும் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் உள்ள வாரிசுகளைத் தேடிக்கொண்டே காலாவதியாகிவிடும். கடைசியாக வாடகைதாரர். பொதுப்பணத்தில் கூரை போட்டுவிட்டு, முப்பது வருடமாக அங்கே தையல் இயந்திரம் வைத்திருப்பவரை வெளியேற்ற வழி விடக் கூடாது. மானியம் வாங்கும் கட்டடத்தில் இருப்பவர் குறிப்பிட்ட காலம் அதே இடத்தில் இருக்கலாம் என்பது ஒப்பந்தத்தின் முதல் நிபந்தனையாக இருக்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் எந்தக் கட்டடம் என்று ஒரு பட்டியல் வேண்டும். சென்னைக்கு நீதிபதி பத்மநாபன் குழு கொடுத்த 467 கட்டடங்களின் பட்டியல் இருக்கிறது. 2010இல் உயர் நீதிமன்றம் அதை வைத்துத்தான் பாரம்பரியக் கட்டடங்களைப் பற்றிப் பேசியது. மாநிலம் முழுதுக்குமான தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012இல் நிறைவேறியது. நடைமுறைக்கு வரப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. அந்த ஆணையம் பெரிய கோட்டைகளையும் அரண்மனைகளையும் எண்ணி முடிக்கும்வரை கள்ளக்குறிச்சிக் கடைவீதி காத்திருக்க முடியாது. அதனால் பட்டியலைச் சிக்கலாக்கவும் வேண்டாம். அமெரிக்கா ஒரு காலத்தில் வைத்திருந்தது போல ஒரே ஆண்டுக்கணக்கு போதும்: 1950க்கு முன் கட்டிய கட்டடம். மத்திய சுற்றுலா அமைச்சகம் பாரம்பரிய விடுதிகளை வகைப்படுத்தவும் அதே 1950ஐத்தான் எல்லையாக வைத்திருக்கிறது. வயதைச் சொல்ல நகராட்சியின் பழைய வரிக் கேட்புப் பதிவேடு இருக்கிறது. திருக்கோவிலூரில் ஒரு தெரு, கள்ளக்குறிச்சியில் ஒரு தெரு என்று முதலில் எடுத்துக்கொண்டு, மறுமதிப்பீட்டை நிறுத்தி, பங்குமானியம் கொடுத்துப் பார்க்கலாம். மாவட்ட ஆட்சியரும் நகராட்சியும் நினைத்தால் அந்தப் பதிவேட்டைப் புரட்டும் வேலையை அடுத்த அரையாண்டு வரி கேட்பதற்குள் முடித்துவிடலாம். அதற்குச் சட்டத் திருத்தமோ சென்னையின் அனுமதியோ தேவையில்லை.